கரிசல் மண்ணில் அஸ்திவாரம்: வானம் தோண்டுவதற்கு முன்பிருந்து பேஸ்மெண்ட் வரை

திருநெல்வேலியிலிருந்து வடக்கே கங்கைகொண்டானைத் தாண்டினால் மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். கயத்தாறு, கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், மேற்கே குருவிகுளம், சங்கரன்கோவில் என்று அந்தப் பக்கமெல்லாம் கரிசல். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண். வீட்டுக்கு அப்படியில்லை. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழை இரண்டு இறங்கியதும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு மண் உப்பி மேலே எழும்பும். வருஷம் தவறாமல் நடக்கும் இந்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான் உங்கள் வீடு உட்காரப் போகிறது. செவலில், அதாவது செம்மண்ணில், கட்டிப் பழகிய கை, அதே மூன்றடி வானத்தை (அஸ்திவாரக் குழியை) கரிசலிலும் தோண்டினால், ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். கதவு நிலையில் பிடிக்கும். ஹால் தரை நடுவில் மேடு தட்டும்.

முதல் வீடு கட்டுபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கம்பி எத்தனை, பீம் எவ்வளவு தடிமன் என்பதை உங்கள் பொறியாளர்தான் கணக்குப் போட்டு வரைபடமாகத் தர வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, சைட்டில் நின்று எதைப் பார்ப்பது, எந்த இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்வது என்பவை இங்கே இருக்கின்றன.

1. முதலில் காகிதங்கள்

மண்ணைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை: பத்திரம், உங்கள் பெயரில் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் அல்லது வரன்முறைப்படுத்திய உத்தரவு. கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டுத்தான் மற்ற வேலை. அங்கீகாரமில்லாத மனைக்கு வரைபட அனுமதியும் சிக்கல், வங்கிக் கடனும் சிக்கல்.

மனை 2,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரையும் முதல் மாடியும் சேர்த்துக் கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருந்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே அனுமதி எடுத்துவிடலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அனுமதிக்கு முன் யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எல்லையும் பக்க இடைவெளியும் தப்பினால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. சர்வேயரை வைத்து நாலு மூலையிலும் கல் ஊன்றிய பிறகு வரைபடம் போடச் சொல்லுங்கள்.

கட்டுமானத்துக்குத் தற்காலிக மின் இணைப்புக்கு இப்போதே மனு போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து மோட்டார் போட்டால் அவர்களுக்கும் அபராதம், உங்களுக்கும் வம்பு.

வங்கிக் கடன் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேஸ்மெண்ட், அதாவது வீட்டின் தரை உட்காரும் அடிமேடை, முடிந்த பிறகுதான் முதல் தவணையை விடுவிக்கும் வங்கிகள் நிறைய. அப்படியானால் அஸ்திவாரம் முழுக்க உங்கள் கைப்பணம். கரிசலில் அந்தத் தொகை செவலில் ஆவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தவணை எந்தக் கட்டத்தில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. ஒப்பந்தத்தில் ஆழம் எழுதியிருக்கிறதா?

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் காண்டிராக்டர்கள் மூன்றடி, நாலடி வானத்தைக் கணக்கில் வைத்துத்தான் தொகை சொல்வார்கள். கரிசலில் ஆழம் கூடும். கூடும்போது, "அது எக்ஸ்ட்ரா அண்ணாச்சி" என்பார்கள். குழி வெட்டித் திறந்து கிடக்கும்போது பேரம் பேச உங்களுக்கு இடமே இருக்காது. அதனால் மண் பரிசோதனை முடிந்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை புட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் அகலமான கான்கிரீட் பாதம்) அல்லது பைல் (துளையிட்டு மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்), ஒவ்வொன்றின் ஆழம், ஓரடி கூடினால் என்ன தொகை, பேஸ்மெண்ட் நிரப்பும் கிராவல் யார் பொறுப்பு, தண்ணீர் லாரி யார் செலவு என்று ஒவ்வொன்றும் தாளில் இருக்க வேண்டும். பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் வேலையின் கட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

3. மண்ணைச் சோதியுங்கள்

மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சோதனைக் குழிகள், எட்டு முதல் பத்தடி ஆழம் ஜேசிபியை வைத்து எடுங்கள். குழியின் சுவரைப் பார்த்தாலே பாதி சங்கதி தெரியும். மேலே கறுப்பு, அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கலந்த மண், அடியில் சரள் அல்லது பாறை என்று அடுக்காக இருக்கும். கறுப்பு எத்தனை அடியோடு நிற்கிறது என்பதை இரண்டு குழியிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் நாலடி, மறு மூலையில் ஒன்பதடி என்று வருவது அபூர்வமல்ல. அந்த வித்தியாசம்தான் வீட்டைப் பிளக்கும். பார்த்து முடித்ததும் குழியை மூடிவிடுங்கள். பக்கவாட்டு மண் சரிந்து விழும் என்பதால் ஆழக் குழிக்குள் யாரையும் இறக்காமல் மேலிருந்தே அளப்பது நல்லது. குழி எடுத்த இடத்தை வரைபடத்தில் குறித்து வையுங்கள். பின்னால் மூடிய அந்தத் தளர்ந்த மண்ணின் மேல் ஒரு புட்டிங் வந்துவிடக் கூடாது.

மண் எவ்வளவு உப்பும் என்பதை ஆய்வகத்தில் எளிதாகக் கண்டுபிடிப்பார்கள். உலர்த்திப் பொடித்துச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடி அளவுச் சாடிகளில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, நீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லி உயரத்தில் படிந்த அதே மண் நீரில் 18 மில்லிக்கு நின்றால் உப்பல் அளவு 80 சதவீதம். இந்தியத் தர நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி 50-க்குள் இருந்தால் உப்பல் குறைவு. 50 முதல் 100 வரை நடுத்தரம். 100 முதல் 200 வரை அதிகம். அதற்கு மேல் மிக அதிகம்.

பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறை ஆய்வகங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் இது நடக்கும். சாதாரண வீட்டுக்கு இரண்டு துளை, ஒவ்வொன்றும் 5 முதல் 6 மீட்டர் ஆழம் அல்லது பாறை தட்டும் வரை, போதும். அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மண் அடுக்குகள் ஆழ வாரியாக, உப்பல் சதவீதம், உப்பும்போது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம், தாங்கு திறன், நிலத்தடி நீர் மட்டம், மண்ணில் உள்ள சல்பேட், குளோரைடு அளவு. தாங்கு திறன் ஒன்றை மட்டும் போட்டு ஒரு பக்கத்தில் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். காய்ந்த கரிசல் பாறை மாதிரி பாரம் தாங்கும். அது தாங்குமா என்பதைவிடத் தூக்குமா என்பதுதான் நம் பிரச்சினை.

இதில் பலர் எதிர்பாராத ஒன்று: மாடி வீட்டைவிட ஒற்றைத் தள வீட்டுக்கே கரிசலில் ஆபத்து அதிகம். வீட்டின் எடை குறைவு என்பதால் மண்ணின் தள்ளலை அது அமுக்கிப் பிடிக்க முடிவதில்லை. காம்பவுண்டு சுவரும் வாசல் படியும் முதலில் வெடிப்பதும் அதனால்தான். "சின்ன வீடுதானே, எதற்குச் சோதனை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

4. எவ்வளவு ஆழம், எந்த வகை

பனி உறையும் நாடுகளில் தரைக்குள் இருக்கும் ஈரம் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கட்டடத்தைத் தூக்கும். அதனால் உறைநிலை எட்டாத ஆழத்துக்குக் கீழே புட்டிங்கை இறக்குவார்கள். நம் கரிசலில் பனியின் வேலையை மழை ஈரம் செய்கிறது. ஈரம் ஏறி இறங்காத ஆழத்துக்கு அஸ்திவாரம் போயாக வேண்டும் என்ற விதி அப்படியே பொருந்தும். கம்பியைக் கூட்டிப் போட்டால் சமாளித்துவிடலாம் என்பது பரவலான நம்பிக்கை. மேல்மண்ணிலேயே உட்காரும் புட்டிங்கில் எவ்வளவு கம்பி போட்டாலும் மண் எழும்பும்போது அதுவும் சேர்ந்தே எழும்பும். அந்தப் பணத்தை ஆழத்தில் போடுங்கள்.

கறுப்பு மண் ஐந்தாறு அடியோடு நின்று கீழே சரளோ சுக்கானோ இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கறுப்பு முழுவதையும் கடந்து, கெட்டி மண்ணுக்குள் ஓரடியாவது இறக்கிப் பில்லர் புட்டிங் போட்டால் போதும். எல்லாப் பில்லரும் அந்தக் கெட்டி மண்ணையே தொட வேண்டும். நாலு பில்லர் பாறையிலும் இரண்டு பில்லர் கரிசலிலும் நின்றால், எல்லாமே கரிசலில் நிற்பதைவிட மோசம்.

எட்டு, பத்து அடிக்கு மேலும் கறுப்பு போனால் குடை பைல்தான் நம்பகமான வழி. அண்டர்ரீம் பைல் என்று பொறியாளர்கள் சொல்வது இதுதான். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக வளர்த்தெடுத்த முறை. ஒல்லியான துளை, அடியில் குடை விரித்த மாதிரி ஒரு குமிழ். துளையின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு குமிழின் விட்டம் இருக்கும். மேல்மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் அடியில் குமிழ் மாட்டிக்கொண்டு விடாது. ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி இறங்க வேண்டும்.

கரிசலை மூன்றடி அள்ளிவிட்டு ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டி அதன் மேல் புட்டிங் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது வேண்டாம். மணல் தண்ணீரை வழிய விடும். சுற்றிலும் கரிசல் தொட்டி போலப் பிடித்து வைக்கும். மழைத்தண்ணீரெல்லாம் மணல் வழியாக இறங்கி நேராக அடிக் கரிசலை நனைக்கும். மண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று பொறியாளர் சொன்னால், உப்பாத ஆனால் கொஞ்சம் பசையுள்ள செம்மண் கிராவலை அடுக்கடுக்காக இறுக்கிப் போட வேண்டும். குளத்து வண்டலை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதுவும் களிதான்.

5. எந்த மாதம்

கரிசல் எலும்பாய்க் காய்ந்திருக்கும்போது கட்டினால் பின்னால் நனைந்து உப்பும். சேறாக இருக்கும்போது கட்டினால் பின்னால் காய்ந்து சுருங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேல்மண் நடக்கும் அளவுக்கு இறுகி, உள்ளே நடுத்தர ஈரம் இருக்கும் காலம் ஏற்றது. தை கடைசியிலிருந்து பங்குனி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி, மண் அறிக்கை, வரைபடம் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு மாதமாவது ஒதுக்க வேண்டும் என்பதால் கார்த்திகையிலேயே காகித வேலையை ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

வாஸ்து நாட்களில் மாசி 22 இந்தக் காலத்துக்குள் வருகிறது, தை 12 அதற்குச் சற்று முன்னால். ஐப்பசி 11, கார்த்திகை 8 அடைமழைக்குள் வரும். வீட்டுப் பெரியவர்கள் அந்த நாளைத்தான் குறித்திருக்கிறார்கள் என்றால், ஈசானிய மூலையில் ஒரு சிறு குழி தோண்டிப் பூஜையை முடித்து மூடிவிட்டு, வானத்தைத் தை கடைசிக்குத் தள்ளுங்கள். பூஜை போட்ட வேகத்தில் எல்லா வானத்தையும் தோண்டிப் போட்டு, மழையில் குளமாக நிற்கவிடுவதுதான் கெடுதல்.

6. சாமான்: அளவும் பணமும்

விலை வாரத்துக்கு வாரம் மாறும். அளவு மாறாது. அளவைச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டர், அதாவது சுமார் 35 கன அடி கான்கிரீட்டுக்கு 8 மூடை சிமெண்ட் ஆகும். 300 எம்.எம். துளை, 750 எம்.எம். குமிழ், 3.5 மீட்டர் ஆழம் உள்ள ஒரு பைலுக்குக் கான்கிரீட் சுமார் 0.32 கன மீட்டர். சிமெண்ட் இரண்டரை மூடைக்குச் சற்று மேல். துளை ஒழுங்கில்லாமல் கூடக்குறைய வரும் என்பதால் மூன்று மூடை என்று கணக்கு வையுங்கள். 12 பைல் உள்ள வீட்டுக்கு 36 மூடை. நாலுக்கு நாலு அடி, ஓரடி தடிமன் புட்டிங் என்றால் 16 கன அடி. மூன்றே முக்கால் மூடை. பைலுக்குத் தோண்டும் மண் மிகக் குறைவு, புட்டிங்குக்குக் குழி பெரிது என்பதால், எட்டடிக்கு மேல் போகும் இடத்தில் மண் வெட்டும் கூலியும் திரும்ப நிரப்பும் செலவும் சேர்த்துப் பார்த்தால் பைல் கட்டுப்படியாகும். துளை போடும் ஆட்கள் மீட்டர் கணக்கில் கூலி பேசுவார்கள். குமிழ் வெட்டுவது அதில் சேருமா என்று முன்பே கேளுங்கள்.

மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் தட்டும் முன் டேப்பைப் போட்டு நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். நடைச்சீட்டின் நகலை வாங்கி வையுங்கள். சீட்டில்லாத லோடு வழியில் பிடிபட்டால் உங்கள் வேலை நின்றுபோகும். ஈர மணல் பொங்கிக் காட்டும் என்பதால் நனைந்த லோடில் நிஜ மணல் குறைவாகவே இருக்கும்.

கம்பியை எண்ணிக்கையோடு எடையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். மீட்டருக்கு 8 எம்.எம். 0.395 கிலோ, 10 எம்.எம். 0.617 கிலோ, 12 எம்.எம். 0.888 கிலோ, 16 எம்.எம். 1.58 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள 12 எம்.எம். கம்பி ஒன்று 10.6 கிலோ சொச்சம் இருக்க வேண்டும். நன்றாகக் குறைந்தால் கம்பி மெலிந்தது.

தண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரிசல் காட்டுப் போர் தண்ணீரும், திசையன்விளை, உவரிப் பக்கக் கடலோரத் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. கம்பி போடும் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மண் அறிக்கைக்குக் கொடுக்கும்போதே ஒரு பாட்டில் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். தேறவில்லையென்றால் கலவைக்கும் கியூரிங்குக்கும் (போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும்) நல்ல தண்ணீர் லாரிதான்.

7. வானம் தோண்டுவதும் பைல் இறக்குவதும்

நூல் கட்டி மூலைமட்டம் பார்த்து, இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்கிறதா என்று டேப்பில் அளந்த பிறகு சுண்ணாம்பு போடுங்கள். பைலின் மையத்திலிருந்து அடுத்த பைலின் மையத்துக்குக் குறைந்தது குமிழ் விட்டத்தின் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். பொதுவாக எட்டடிக்கு மேலும் போகக் கூடாது. சுவர்கள் சேரும் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று கட்டாயம்.

துளை செங்குத்தாக இறங்குகிறதா என்று ஒவ்வொரு மீட்டருக்கும் பாருங்கள். முழு ஆழமும் வந்த பிறகு குமிழ் வெட்டும் கருவியை இறக்கிச் சுற்றுவார்கள். கைப்பிடியை அழுத்த அழுத்த அதன் கத்திகள் விரிந்து பக்க மண்ணைச் சீவும். சீவிய மண் அடியிலுள்ள வாளியில் விழும். வாளியை வெளியே எடுத்துக் கொட்டி மீண்டும் இறக்க வேண்டும். கைப்பிடிக் குழாயில் முழு விரிவுக்கான அடையாளம் இருக்கும். கைப்பிடி அந்த அடையாளம் வரை இறங்கி, முழுச் சுற்று சுற்றியும் வாளி காலியாக வந்தால்தான் குமிழ் முழுமை. மண் கெட்டியாக இருக்கும் இடத்தில் பாதி விரிவோடு நிறுத்திவிட்டு "முடிஞ்சிருச்சு" என்பார்கள். கான்கிரீட் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒவ்வொரு பைலுக்கும் நீங்களோ உங்கள் பொறியாளரின் ஆளோ பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். முழு வேலையிலும் நீங்கள் கட்டாயம் லீவு போட வேண்டிய நாட்கள் இவை.

வெட்டிய துளைக்கு அன்றைக்கே கான்கிரீட். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தால் குமிழின் மேற்கூரை உதிர்ந்து அடியில் குவியும். புட்டிங் குழிக்கும் இதே விதிதான்: கடைசி அரையடி மண்ணை விட்டுவைத்து, பி.சி.சி. (புட்டிங்குக்கு அடியில் வரும் கம்பியில்லாத கான்கிரீட்) போடும் அன்று காலையில் அதை வெட்டி, உடனே மூடுங்கள். பி.சி.சி. 1:4:8 கலவையில் நாலு இஞ்சு.

எதிர்பாராத மழையில் குழி நனைந்தால் தண்ணீரை இறைத்துவிட்டு மேலேயே போடக் கூடாது. குழைந்த மண் முழுவதையும் கெட்டி மண் தெரியும் வரை வழித்து எடுத்த பிறகுதான் பி.சி.சி. ஆழம் கூடியதை மண்ணால் நிரப்பாமல் பி.சி.சி.யாலேயே நிரப்புங்கள்.

8. கான்கிரீட் போடும் நாள்

மழைக்காலத்துக்கு அடுத்தபடியாக நம் பக்கத்தில் கான்கிரீட்டைக் கெடுப்பது காற்று. வைகாசியிலிருந்து மேல்காற்று அடிக்க ஆரம்பித்தால் கான்கிரீட்டின் மேல்பரப்பு ஈரத்தை அப்படியே உறிஞ்சி எடுத்துவிடும். போட்ட சில மணி நேரத்திலேயே முடி போல விரிசல் விடும். காற்று ஓங்கும் முன் விடியற்காலையில் ஆரம்பியுங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். ஜல்லிக் குவியலின் மேல் முந்தின நாளே தண்ணீர் தெளித்து வைத்தால் சூடு குறையும்.

கலவையைச் சட்டிக் கணக்கில் விடாதீர்கள். உள்ளளவு 40 × 35 × 25 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டி செய்து வாங்குங்கள். அது 35 லிட்டர், ஒரு மூடை சிமெண்டின் கொள்ளளவு. மூடைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி 20 எம்.எம். ஜல்லி, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரை அதற்கும் குறைக்க வேண்டும். கலவை இளக்கமாக வேண்டும் என்று ஒரு குடம் சேர்த்து ஊற்றுவதுதான் அன்றாடம் நடப்பது. அந்த ஒரு குடம் பலத்தை நிறையவே தின்னும். பைலுக்குக் கலவை இளகித்தான் இருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதைத் தண்ணீரால் செய்யாமல், பொறியாளர் சொல்லும் அளவில் பிளாஸ்டிசைசர் மருந்து சேர்த்துச் செய்யுங்கள்.

கம்பிக்கூட்டை இறக்கும் முன் கவர் பிளாக் (கம்பி மண்ணைத் தொடாமல் இடைவெளி பிடிக்கும் சிறு கட்டை) கட்டியிருக்கிறதா என்று எண்ணுங்கள். புட்டிங்குக்கு 50 எம்.எம்., பைலுக்குக் குறைந்தது 40 எம்.எம். ஜல்லித் துண்டையும் செங்கல் துண்டையும் முட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். பைலில் கான்கிரீட்டைச் சட்டியிலிருந்து அப்படியே கவிழ்த்தால் பக்க மண்ணை உதிர்த்துக்கொண்டு போகும்; அடி வரை எட்டும் குழாய் மாட்டிய புனல் வழியாகத்தான் விட வேண்டும். துளையில் ஊற்றுத் தண்ணீர் நின்றால் வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளருக்குப் போன் போடுங்கள். தண்ணீருக்குள் கான்கிரீட் போடும் முறை வேறு.

பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் கியூரிங் குறைந்தது பத்து நாள். காற்றுக் காலத்தில் பதினாலு. சாக்கு போர்த்தி நனைத்து வைப்பதே போதும். கரிசல் குழிக்குள் ஹோஸைத் திறந்துவிட்டுத் தண்ணீர் கட்டினால் கான்கிரீட் தேறும், அடிமண் கெடும்.

9. கிரேடு பீமும் அதன் அடியில் விட வேண்டிய வெற்றிடமும்

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுபவர்கள் அதிகம். பைல்களை இணைக்கும் பீம் தரையைத் தொட்டபடி இருந்தால், மேல்மண் எழும்பும்போது பீமை நேராகத் தள்ளும். பைல் விடாது, மண் தள்ளும், இரண்டுக்கும் நடுவில் பீம் ஒடியும். அதனால் பீமின் அடிக்கும் மண்ணுக்கும் இடையில் குறைந்தது 80 எம்.எம். வெற்றிடம் வேண்டும்.

செய்முறை இதுதான். பீம் வரும் இடத்தில் நாலு இஞ்சு உயரத்துக்கு மண்ணை அணைத்து மட்டம் பிடித்து, மேலே கெட்டியான பாலிதீன் விரித்து, அதையே அடித்தட்டாக வைத்துப் பீம் போடுங்கள். கம்பி இணைப்பில் 12 எம்.எம். கம்பிக்கு இரண்டேகால் அடி மேலணைப்பு (ஒன்றின் மேல் ஒன்று படியும் நீளம்) வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அந்த மண்ணைப் பக்கவாட்டிலிருந்து சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஒரு கம்பியை இந்தப் பக்கத்திலிருந்து நுழைத்தால் அந்தப் பக்கம் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். பிறகு பீமின் இரண்டு பக்கமும், பீமைத் தொடாமல், செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்தி அடைத்தால் வெளிமண் உள்ளே சரியாது.

"எலி அடையும் அண்ணாச்சி, கலவையைப் போட்டு அடைச்சிருவோம்" என்று கொத்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்வார். விடாதீர்கள். அடைத்தால் பைலுக்குச் செலவழித்ததெல்லாம் வீண். எலிக்குத்தான் பக்கவாட்டுச் செங்கல்.

10. பேஸ்மெண்ட் நிரப்புதல்

தோண்டிய கரிசலையே உள்ளே தள்ளி நிரப்புவது மிச்சம் பிடிக்கும் வழி என்று தோன்றும். நாளைக்கு ஹால் டைல்ஸைத் தூக்குவது அந்த மண்தான். கரிசலை முழுக்க வெளியேற்றிவிட்டு, செம்மண் கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து இயந்திரத் திமிசால் இறுக்குங்கள். உள்ளே தண்ணீர் கட்டி நிரப்பி மண்ணை அமர்த்தும் வழக்கமான வேலை செவலுக்குச் சரி. இங்கே அந்தத் தண்ணீர் கீழே கரிசலுக்குத்தான் போகும். கரையான் மருந்தை இந்தக் கட்டத்தில் அடித்துவிட வேண்டும்.

11. வீட்டைச் சுற்றித் தண்ணீர்

ஈரம் மாறாமல் இருந்தால் கரிசல் சாதுவான மண். வீட்டைச் சுற்றி மூன்றடி, முடிந்தால் நாலடி அகலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டு, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். சுவரோடு சேரும் இடத்தில் இடைவெளி விட்டு, தார் கலந்த நிரப்பியால் அடைக்க வேண்டும்; சுவரோடு ஒட்டிப் பூசினால் முதல் மழையிலேயே பிளந்து, அதன் வழியாகவே தண்ணீர் இறங்கும். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயைச் சுவரடியில் விடாமல் குழாய் நீட்டி வெளியே கொண்டுபோங்கள். மழைநீர் சேகரிப்புக் குழி கட்டாயம்தான், ஆனால் அது மனையின் கோடியில் இருக்கட்டும். செப்டிக் டேங்கும் தரைத்தொட்டியும் பில்லரிலிருந்து பத்தடியாவது தள்ளி. கழிவுநீர்க் குழாய் பீமைக் கடக்கும் இடத்தில் பெரிய துளை விட்டு, அசைய இடம் வையுங்கள். இறுக்கிப் பூசினால் மண் நகரும்போது மூட்டு விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் வருஷக்கணக்கில் கசியும்.

வேம்பும் புங்கையும் வைக்க ஆசைப்படுவீர்கள். வையுங்கள், ஆனால் மரம் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு தூரம் தள்ளி. வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் இழுத்தால் அந்தப் பக்கம் மட்டும் மண் சுருங்கி வீடு சாயும். மனையில் ஏற்கெனவே பெரிய மரம் நின்று அதை வெட்டியிருந்தால், அந்த இடம் ஒரு மழைக்காலம் நனைந்து அமர்ந்த பிறகு வானம் தோண்டுங்கள். சுவரடியில் பூச்செடிப் பாத்தி கட்டித் தினம் தண்ணீர் ஊற்றுவதும் அதே அளவுக்குக் கெடுதல். செடிகளைத் தொட்டியில் வையுங்கள்.

முதல் இரண்டு மழைக்காலம் முடியும் வரை காம்பவுண்டு சுவரையும் போர்டிகோ படியையும் வீட்டுச் சுவரோடு கட்டிச் சேர்க்காமல், அரை இஞ்சு இடைவெளியோடு தனியே நிறுத்துங்கள். வெளிப்பூச்சுக்கு முன் ஜன்னல் மூலைகளில் பென்சிலால் தேதி போட்டுக் கோடு கிழித்து வைத்தால், விரிசல் கிளம்பினால் அது பூச்சு விரிசலா மண் விரிசலா என்று பொறியாளருக்குச் சொல்ல வசதியாக இருக்கும். கோடையில் அகன்று மழையில் மூடினால் அது மண்ணின் வேலை. அந்தச் சுவரடியில் எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று தேடுவதுதான் முதல் வைத்தியம், சிமெண்ட் அடைப்பதல்ல.